எப்போது முடியும் என்று கேட்டால்

எங்கள் அலுவலகத்தில் சீட்டுக் கட்டை எடுத்தாலே எனக்குக் கொட்டாவி வந்துவிடும். காசு வைத்து ஆடுகிற சீட்டு இல்லை இது. ஒவ்வொரு சீட்டிலும் ஓர் எண் இருக்கும்: மூன்று, ஐந்து, எட்டு, பதிமூன்று, இருபது, நாற்பது என்று. ஒரு வேலையைப் படித்துக் காட்டுவார்கள். அதை முடிக்க எத்தனை நாள் பிடிக்கும் என்று அவரவர் மனதுக்குப் படுகிற சீட்டை மேஜைமேல் கவிழ்த்து வைக்க வேண்டும். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். யாருடைய எண் மிகப் பெரியதோ, யாருடையது மிகச் சிறியதோ, அந்த இருவரும் காரணம் சொல்ல வேண்டும். அப்புறம் மறுபடி கவிழ்ப்பு, மறுபடி திருப்பல். எல்லோர் எண்ணும் ஏறக்குறைய ஒன்றாகிறவரை இந்தக் கூத்து நடக்கும்.

என் பெயர் குன்வோர். டிரான்ட்ஹைமில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் சோதிப்பவளாக இருக்கிறேன். மற்றவர்கள் ஆசையாகக் கட்டியதை உடைத்துப் பார்ப்பதுதான் என் வேலை. அதற்குச் சம்பளம் தருகிறார்கள். பிரியத்தை எதிர்பார்க்கக்கூடாது.

பிப்ரவரியில் நடந்த அந்தச் சீட்டாட்டம் ஹெஸ்ட்வோயா தீவு நகராட்சிக்காக. அந்தத் தீவில் தனியாக வாழும் முதியவர்கள் கழுத்தில் ஒரு பொத்தானைத் தொங்கவிட்டிருப்பார்கள். விழுந்தாலோ நெஞ்சு அடைத்தாலோ அதை அழுத்தினால் போதும், பணியில் இருக்கும் செவிலியின் கைபேசி அடிக்கும். அந்த அழைப்புகளை இதுவரை பார்த்துவந்த கம்பெனி அந்தத் தொழிலையே விட்டுவிடுகிறது. அதனால் பொத்தான்களை எங்கள் மென்பொருளோடு இணைக்க வேண்டும். நகராட்சி ஒரு தேதியை எழுதிக் கொடுத்தால் அன்றோடு பழைய கம்பெனி இணைப்பைத் துண்டித்துவிடும். டிசம்பர் வரை எந்தத் தேதியை வேண்டுமானாலும் எழுதலாம், எழுதிய பிறகு மாற்ற முடியாது. இதெல்லாம் அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் சீட்டைக் கவிழ்த்தோம்.

இணைப்பு வேலைக்கு எல்லோரும் திருப்பினார்கள். எட்டு, எட்டு, ஐந்து, எட்டு. டோர்கெய்ர் கடைசியாகக் கையை எடுத்தான். நாற்பது.

"கண்ணாடி போட்டுக்கிட்டுதானே எடுத்த?" என்றாள் விபெக்கெ. அவள்தான் எங்கள் குழுத் தலைவி.

"போட்டுக்கிட்டுதான்."

"சரி, சொல்லு. அது என்ன நாப்பது?"

டோர்கெய்ர் தாடியைச் சொறிந்தான். எங்கள் குழுவிலேயே கெட்டிக்காரன் அவன்தான். நிரல் எழுதச் சொன்னால் எழுதித் தள்ளிவிடுவான், நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "அந்தப் பொத்தானுங்க எப்படிப் பேசுதுன்னு நம்மள்ல யாரும் பார்த்ததில்ல."

"அதான் விளக்கப் புத்தகம் அனுப்பிட்டாங்களே."

"அனுப்பிட்டாங்க. புத்தகத்துல எழுதியிருக்கிற மாதிரி நடந்துக்கிற மெஷின நான் இன்னும் பார்க்கல."

எல்லோரும் சிரித்தார்கள். விபெக்கெ மட்டும் பேனாவைத் திறந்து பலகை முன்னால் போய் நின்றாள். "பயமா இருக்குங்கிறத நான் எழுத முடியாது டோர்கெய்ர். எது தப்பாப் போகும்னு சொல்லு. ஒண்ணொண்ணா எழுதறேன்."

"எதுன்னு தெரிஞ்சா நானே எட்டுன்னு போட்டிருப்பேனே. தெரியாததுக்குத்தான் நாப்பது."

"தெரியாதத எப்படிப்பா எழுதறது?"

அவன் பலகையைப் பார்த்தான். வெள்ளையாக இருந்தது. மணி பதினொன்றரை ஆகிவிட்டது, எல்லோருக்கும் பசி. ஒருவன் ஏற்கெனவே சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பித்திருந்தான், ரொட்டிக்கு நடுவிலிருந்து பழுப்புப் பாலாடைக்கட்டி எட்டிப் பார்த்தது. இரண்டாம் சுற்றில் டோர்கெய்ர் பதிமூன்று போட்டான். மற்றவர்களும் பெருந்தன்மையாகப் பதிமூன்றுக்கு ஏறினார்கள். "பார்த்தியா, பேசினா எல்லாம் சரியாயிடுது" என்றாள் விபெக்கெ.

எனக்கு எரிச்சலாக வந்தது. இந்த விதியை உண்டாக்கிய புண்ணியவான் ஒற்றை ஆளாக நிற்பவனைப் பேசவைக்கத்தான் நினைத்திருப்பான். நடப்பது வேறு. ஒற்றை ஆளாக நின்றால் காரணம் கேட்பார்கள், காரணம் சொல்ல முடியாது, அதனால் அடுத்த முறை கூட்டத்தோடு போய்விட வேண்டும் என்பதைத்தான் அவரவர் கற்றுக்கொள்கிறார்கள். சின்ன எண் போட்டவனை யாரும் அப்படிக் குடைந்து நான் பார்த்ததில்லை. நம்பிக்கைக்குக் காரணம் வேண்டாம் போலிருக்கிறது, சந்தேகத்துக்கு மட்டும் சாட்சி வேண்டும்.

மற்ற வேலைகளையும் சேர்த்துக் கூட்டியதில் மே நடுவில் முடியும் என்று வந்தது. விபெக்கெ இன்னும் இரண்டு வாரம் போட்டு, ஜூன் மாதத்து முதல் திங்கள் என்று வைத்தாள். எண்ணும்போது மே மாதத்தை முழு மாதமாக எண்ணினாள். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். எங்கள் நாட்டில் மே வேலைக்கான மாதமே இல்லை. தொழிலாளர் தினம், கொடி நாள், விண்ணேற்றத் திருநாள் என்று வரிசையாக வரும். விண்ணேற்றம் வியாழனில் வரும், நடுவில் மாட்டிக்கொண்ட வெள்ளிக்கு எவனும் அலுவலகப் பக்கம் தலைகாட்ட மாட்டான். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் இது தெரியும். நாள் எண்ண உட்காரும்போது மட்டும் ஒவ்வொரு வருஷமும் எங்களுக்கு மறந்துபோகும்.

மறுநாள் தீவிலிருந்து ஒட்னி திரையில் வந்தாள். வீட்டுப் பராமரிப்புக்குத் தலைமைச் செவிலி. அறுபதை நெருங்குகிறவள், தலையில் கம்பளித் தொப்பியோடு காருக்குள் உட்கார்ந்து பேசினாள். விபெக்கெ தேதியைச் சொன்னதும் அவள் குறித்துக்கொள்ளவில்லை.

"இத செய்யப்போறது யாரு?"

டோர்கெய்ர் கையைத் தூக்கினான்.

"தம்பி, நான் அக்டோபர்னு கூட எழுதலாம், எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா பழைய கம்பெனிக்காரங்க ஆளெல்லாம் கிளம்பிட்டு இருக்காங்க, இப்பவே ராத்திரி கூப்பிட்டா எடுக்க நேரமாகுது. சீக்கிரம் மாறிட்டா எனக்கு நிம்மதி. முன்னூறு பேருக்கு மேல இருக்காங்க. நீ சொல்லு, ஜூன்னு எழுதவா?"

அவள் முகத்தில் அவ்வளவு களைப்பு. நானாக இருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. டோர்கெய்ர் ஒருமுறை விபெக்கெயைப் பார்த்தான், பிறகு திரையைப் பார்த்து, "எழுதுங்க" என்றான்.

முதல் வாரம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. டோர்கெய்ரின் மேஜையில் ஒரு பொத்தான். அழுத்தினால் என் கைபேசி அடித்தது. விபெக்கெ பாதாம் கேக் வாங்கிவந்தாள். "எட்டே போதும் போலிருக்கே" என்று ஒருவன் அவன் தோளைத் தட்டினான். அவனும் சிரித்தான். ஈஸ்டர் வந்தது, எல்லோரும் பனிச்சறுக்குக் கட்டைகளைக் காரில் கட்டிக்கொண்டு மலை வீடுகளுக்குப் போய்விட்டார்கள்.

திரும்பி வந்தபோது தீவிலிருந்து ஒரு மீன் பெட்டி வந்திருந்தது. உள்ளே நிஜமாகவே வீடுகளில் இருந்த பொத்தான்கள். விளக்கப் புத்தகத்தில் ஒரே வகை, பெட்டியில் நாலு வகை. ஒரு வகை புத்தகத்தில் இருந்தபடி பேசியது. ஒரு வகை, தான் உயிரோடு இருப்பதைச் சொல்ல ஒவ்வொரு நாளும் தானாகவே அழைத்தது, எங்கள் மென்பொருள் அதை ஆபத்து என்று எடுத்துக்கொண்டது. சோதனைக் கைபேசியை நான்தான் வைத்திருந்தேன், விடியற்காலை தூக்கத்தில் அலறி எழுந்து டோர்கெய்ரை மனதாரத் திட்டினேன்.

அதைச் சரிசெய்தான். அடுத்தது வந்தது. அதையும் சரிசெய்தான். காலைக் கூட்டத்தில் வட்டமாக நின்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். டோர்கெய்ர் ஏப்ரல் கடைசியில் சொன்னான், "கிட்டத்தட்ட முடிஞ்சது. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி."

மே பத்து வாக்கில் சொன்னான், "ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி."

"போன வாரம் சொன்ன அந்த ஒண்ணா, இது வேற ஒண்ணா?" என்று கேட்டேன்.

"வேற."

"உங்கிட்ட எத்தனை ஒண்ணுப்பா இருக்கு?"

"குன்வோர், அவன விடு" என்றாள் விபெக்கெ.

அவன் பொய் சொல்லவில்லை. வீடு மாற்றியவர்களுக்கு இது புரியும். சமையலறை மட்டும்தான் பாக்கி, மத்தியானத்துக்குள் கட்டிவிடலாம் என்று தோன்றும். ஒரு அலமாரியைத் திறந்தால் அதற்குப் பின்னால் இன்னொன்று இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற சாமானைத்தானே எண்ண முடியும்? அதோடு, எண்ணும்போது நல்ல நாளை வைத்துத்தான் எண்ணுகிறோம். பல் வலிக்காத நாள், பிள்ளைக்குக் காய்ச்சல் வராத நாள், பழைய வாடிக்கையாளன் ஒருவன் போன் போட்டு அழாத நாள். டோர்கெய்ரின் மகளுக்குக் கொடி நாளுக்கு முந்தின வாரம் அம்மை போட்டது. அந்த வாரத்தை எந்தச் சீட்டில் எழுதியிருப்பான்?

ஜூனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது நாலாவது வகைப் பொத்தான் என் கைக்கு வந்தது. சாம்பல் நிறம், பழசு. அழுத்தினேன், கைபேசி அடித்தது. மறுபடி அழுத்தினேன், அடித்தது. எனக்குத் திருப்தி வராது. எடுத்துக்கொண்டு மாடிப்படி, கழிப்பறை, கீழே கார் நிறுத்துமிடம் என்று போய் அழுத்திக்கொண்டே இருந்தேன். சில தடவை கைபேசி சும்மா இருந்தது. எப்போது அடிக்கும், எப்போது அடிக்காது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"ரெண்டு நாள் கொடு" என்றான் டோர்கெய்ர்.

"எதை வச்சுச் சொல்ற ரெண்டு நாள்னு? என்ன கோளாறுன்னு தெரியுமா உனக்கு?"

"இன்னும் தெரியல."

"என்ன கோளாறுன்னே தெரியாது, எத்தனை நாள்னு மட்டும் தெரியும்! நல்லா இருக்குடா உன் கணக்கு!" என்று கத்திவிட்டேன். பக்கத்து அறைக்காரர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். டோர்கெய்ரின் காது சிவந்திருந்தது. பாவமாக இருந்தது. அதற்காகக் கத்தியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை.

விபெக்கெ அன்றைக்கே ஒட்னியைக் கூப்பிட்டாள். தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டாள். ஒட்னியின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"எழுதிக் கொடுத்துட்டேன்மா! பிப்ரவரியில! நீங்க சொன்ன தேதிய வச்சு எழுதிக் கொடுத்தேன். அங்க ஆளே இல்ல இப்ப, மெஷினக் கழட்டிட்டு இருக்காங்க. முடியாதுன்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அக்டோபர்னு போட்டிருப்பேன். எனக்கு எது போட்டாலும் ஒண்ணுதான்னு அப்பவே சொன்னேனே!"

ஜூன் முதல் திங்களன்று பழைய இணைப்பு போனது. மூன்று வகைப் பொத்தான்கள் எங்களோடு ஒழுங்காக வேலை செய்தன. சாம்பல் பொத்தான் மட்டும் இல்லை. அது வைத்திருந்தவர்கள் எல்லோரும் தீவின் வடக்குக் கரையில் சிதறிக் கிடந்தார்கள். அவர்களுக்குப் புதுப் பொத்தான் வாங்கச் சொல்லியிருந்தது, ஆகஸ்டில்தான் வரும். அதுவரை ஒட்னியின் ஆட்கள் காலையும் மாலையும் காரில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். இடையில் யாராவது விழுந்தால் விழுந்த இடத்தில் கிடக்க வேண்டியதுதான். ஒட்னி ஒரு வாரம் பொறுத்தாள், பிறகு ஒரே வரியில் எழுதினாள்: கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மன்னிப்பு எழுதாதீர்கள், வந்து இவர்கள் முகத்தைப் பாருங்கள்.

விபெக்கெ டோர்கெய்ரை அனுப்பினாள், துணைக்கு என்னையும். படகில் அவன் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தான். அன்று காலையிலும் நான் சோதித்திருந்தேன், அழுத்தியதில் மூன்று அழைப்புகள் காணாமல் போயிருந்தன.

"யாராவது எப்போ முடியும்னு கேட்டா என்ன சொல்லப் போற?" என்று கேட்டேன்.

"தெரியாதுன்னு."

"சத்தியமா?"

"சத்தியமா. எனக்கு மட்டும் புத்தி வராதா?"

ஒட்னி துறையில் காரோடு நின்றாள். கைகொடுத்தாள். வடக்குக் கரையில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற ஒரு மஞ்சள் வீட்டுக்கு அழைத்துப்போனாள். இங்வால்டின் வீடு. எண்பத்துச் சொச்சம் வயது, ஒருகாலத்தில் படகு எஞ்சின்களைப் பழுது பார்த்தவர், மனைவி போய்ப் பல வருஷம் ஆகிறது. போன குளிர்காலத்தில் குளியலறையில் விழுந்து இடுப்பு உடைந்தபோது சாம்பல் பொத்தான்தான் ஆளைக் கூப்பிட்டது. அதே பொத்தான் இப்போதும் கழுத்தில் தொங்கியது. பழக்கத்தில் போட்டிருந்தார்.

வாசலை ஒட்டி ஒரு பயணப் பை கட்டித் தயாராக இருந்தது. கூடத்தில் நாற்காலி மேல் தலையணையும் போர்வையும். "ஒரு வாரமா இதுலதான் தூங்குறார்" என்றாள் ஒட்னி. "படுத்தா எந்திரிக்கும்போது விழுந்துடுவோமோன்னு பயம்."

"பயமெல்லாம் இல்ல" என்றார் இங்வால்ட். "இடுப்புக்கு இதமா இருக்கு." நாற்காலிக் கைப்பிடியில் ஒரு படகு ஊதுகுழல் இருந்தது. அண்ணன் மகள் கொடுத்துவிட்டுப் போனாளாம். "விழுந்தா இத ஊதணுமாம். ஊதினா பக்கத்து வீட்டு ஆஸ்லாக் வரணுமாம். ஆஸ்லாக்குக்குக் காது கேக்காம அஞ்சு வருஷம் ஆச்சு. நல்ல ஏற்பாடு!" என்று சிரித்தார். எங்களுக்கும் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது.

ஒட்னி நிற்கும்போதே விஷயத்தைச் சொன்னாள். பராமரிப்பு இல்லத்தில் ஓர் அறை காலியாகியிருக்கிறது, ஒரே ஓர் அறை. பொத்தான் வேலை செய்கிறவரை இங்வால்ட் அங்கே இருக்கலாம். வேண்டாம் என்றால் இன்று சாயங்காலமே அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும், காத்திருக்கிறார்கள்.

"போறேன்னுதான் பைய கட்டினேன்" என்றார் இங்வால்ட். "ஆனா அங்க போனவங்க திரும்பி வந்து நான் பார்த்ததில்ல. என் தம்பியும் கொஞ்ச நாள்னுதான் போனான்." அவர் டோர்கெய்ர் பக்கம் திரும்பினார். "இதச் செய்யறவன் நீதானாமே?"

"ஆமா."

"ரொம்ப நாள் ஆகும்னா நான் கிளம்பறேன். நாலஞ்சு நாள்தான்னா இந்த நாற்காலியிலயே ஓட்டிடுவேன். எப்போ முடியும்? உள்ளதச் சொல்லு. நானும் எஞ்சின் வேலை பார்த்தவன்தான், எனக்குப் புரியும்."

நான் டோர்கெய்ரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லுடா, தெரியாதுன்னு சொல்லு என்று மனதுக்குள் கெஞ்சினேன். கிழவர் நாற்காலியின் நுனிக்கு வந்து, கையால் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, பரீட்சை முடிவு கேட்கிறவர் மாதிரி அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்துக்கு முன்னால் எது சொன்னாலும் பாதகம்தான் என்று தோன்றியது.

"எங்க மாட்டுதுன்னு நேத்துதான் ஒரு துப்பு கிடைச்சுது" என்றான் டோர்கெய்ர். "பழைய மெஷின் ஒரு அழைப்பு தவறினா மறுபடி மறுபடி முயற்சி பண்ணும். நம்மளது ஒரு தடவையோட விட்டுடுது. அத மட்டும் மாத்தணும். அது ஒண்ணுதான்." கொஞ்சம் நிறுத்தினான். "வெள்ளிக்கிழமை முடிஞ்சிடும்."

"இங்வால்ட், அவன் சொல்றத நம்பாதீங்க" என்றேன். "நான் சோதிக்கிறவ. இன்னிக்குக் காலையிலகூட அது தவறுச்சு. வெள்ளின்னும் சொல்ல முடியாது, அடுத்த மாசம்னும் சொல்ல முடியாது. எப்போ முடியும்னு எங்க யாருக்கும் தெரியாது. அந்த அறைய எடுத்துக்கங்க."

ஒட்னி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இங்வால்ட் என்னைப் பார்க்கவில்லை.

"நீ செய்யறவளா, செஞ்சதச் சோதிக்கிறவளா?"

"சோதிக்கிறவ."

"செய்யறவன் சொல்றான், வெள்ளின்னு. உனக்குத் தெரியாதுன்னு நீயே சொல்ற. தெரியாதவங்க பேச்சக் கேட்டு நான் வீட்ட விட்டுப் போகணுமா?" கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நிம்மதியாகச் சொன்னார். முகத்தில் அரைகுறையாக ஒரு சிரிப்பு வந்திருந்தது. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே வாசல்வரை நடந்து, பையை எடுத்து அவிழ்க்க ஆரம்பித்தார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள் ஒட்னி.

"யோசிச்சாச்சு. வெள்ளிதானே. கொடுத்துடு அந்த அறைய."

ஒட்னி கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கண்ணாடி வழியாக அவள் பேசுவது தெரிந்தது, தலையாட்டுவது தெரிந்தது. போய்த் தடுக்க வேண்டும் என்று எழுந்தேன். எழுந்து என்ன சொல்வது? சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டேனே. டோர்கெய்ரின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "படகுல என்னடா சொன்ன என்கிட்ட?"

அவன் என்னைப் பார்த்தான். தப்புச் செய்தவன் பார்வை இல்லை அது. விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். "நாளைக்கு எழுதிடுவேன், புதன் நீ சோதிச்சுடலாம், வியாழன் முழுசா கையில இருக்கு. முடியும் குன்வோர். இந்தத் தடவை நிஜமாவே முடியும்."

குளியலறையிலிருந்து சத்தம் வந்தது. இங்வால்ட் சவரக் கத்தியையும் சோப்புக் கிண்ணத்தையும் ஒவ்வொன்றாக அலமாரியில் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார். அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"தம்பி, வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு?"

"மத்தியானத்துக்குள்ள" என்றான் டோர்கெய்ர்.